முக்காலி எந்தப் பக்கம்?

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறோம். உன் கழுத்துவலி எந்த மட்டில் இருக்கிறது என்று இந்தத் தடவையாவது ஒழுங்காக எழுது. போன தடவை கேட்டதற்கு "கழுத்து இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அது பதில் இல்லை.

இந்த மாதத்துக்கான உன் தீனி இதோ. ஞாயிற்றுக்கிழமை காலை உன் அத்தான் பேப்பரை மடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார். அலமாரிக் கதவு பாதி திறந்திருந்தது. அதில் தோளை இடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மன்னிச்சுக்கங்க, கவனிக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் சமையலறையில் இருந்தேன். காலங்காத்தாலே வீட்டுக்கு யார் வந்தது என்று எட்டிப் பார்த்தால் அலமாரிதான் நிற்கிறது. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. இவர் வந்து முதுகைத் தட்டி, "யார்கிட்ட சிரிக்கறே?" என்று கேட்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு கூத்து. ஹெட்மாஸ்டர் பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னாராம், கணக்கு வாத்தியாரான உன் அத்தான் கண்டுகொள்ளாமல் போய்விட்டாராம். மூன்று நாளாக ஹெட்மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். "நான் பாக்கவே இல்லம்மா" என்று இவர் என்னிடம் சத்தியம் செய்கிறார், ஹெட்மாஸ்டரிடம் செய்யாமல்.

நீ வரைகிற மோதலார் யார் என்று இவருக்கு இன்னும் தெரியாது. காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்து மூலையில் உன் சிரிப்புப் படப் பெட்டியைத்தான் பார்க்கிறார். "பாவம், இந்த ஆளுக்கு நடக்கத் தெரியல" என்கிறார். நான் உள்ளே ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வருகிறேன். ஒரு வருஷமாக இப்படியே ஓடுகிறது. மூக்கை மட்டும் எப்போதும்போல் மாற்றியே வை. யார் கேட்டாலும் கற்பனை என்றுதான் சொல்லவேண்டும். நீ செய்த சத்தியம் நினைவிருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கழுத்து வலப்பக்கம் திரும்புகிறது, இடப்பக்கம் திரும்புவதற்குக் கொஞ்சம் யோசிக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அத்தானின் தோள் எப்படி? உன் முழங்கால் எப்படி?

அலமாரி ஜெயித்துவிட்டது. தினமும் காலையில் ஐந்து பென்சில் படங்களைக் கொண்டுபோய் எடிட்டர் மேசையில் வைக்கவேண்டும். அந்த மனிதர் சிரிக்கமாட்டார். சிரிப்பு வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் அந்தப் படம் தேறியது என்று அர்த்தம். அலமாரிக்கு இரண்டு தடவை துடைத்தார். மற்ற நான்கையும் பார்க்காமலே தள்ளிவிட்டார்.

ஒரு உதவி செய். இனிமேல் எழுதும்போது எந்தப் பக்கம் என்று எழுது. அலமாரி அவருக்கு இடமா, வலமா? எத்தனை அடி தள்ளி இருந்தது? இடித்தது தோளா, முழங்கையா? தீப்பெட்டி அளவு பெட்டியில் ஒரே ஒரு முட்டாள்தனத்துக்குத்தான் இடம். அது சரியான இடத்தில் இருக்கவேண்டும். நானாக உட்கார்ந்து ஜோடித்தால் ஜோடித்த மாதிரியே இருக்கிறது. நான் ஜோடிக்கும் ஆள் இடிப்பதற்கு முன்னாலேயே முகத்தைச் சுளித்துவிடுகிறான். நிஜத்தில் இடிப்பவருக்கு இடித்த பிறகும் முகம் அப்படியே இருக்கிறது. சனங்கள் சிரிப்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான். அது உன் கடிதத்தில்தான் கிடைக்கிறது.

போனில் சொல்லாதே. போனில் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய், எனக்கு அளவு கிடைப்பதில்லை.

மார்ச் மாதம் மோதலாரை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. அதன் பிறகு புத்தகம். இதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

கண்காட்சி, புத்தகம் இரண்டும் கேட்டு மனசு குளிர்ந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறது. நீ தலையணை இல்லாமல் படுத்துப் பார்.

அளவு கேட்டாய் அல்லவா, எழுதிக்கொள். முன்னறையில் நுழைந்ததும் நான்கு அடியில் முக்காலி, அவருக்கு இடப்பக்கம். இடித்தது முழங்காலுக்குக் கீழே. முக்காலி விழுந்து உருண்டது, அவர் அதைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். போன வருஷம் இதே அறையில் சுவரோரமாக இருந்த பூச்சாடியை இடித்துக்கொண்டிருந்தார். இப்போது நடக்கிற வழியிலேயே இருப்பதை இடிக்கிறார். நல்ல முன்னேற்றம்.

இன்னொன்று நடந்தது, அதை வரையாதே. மாதப் பரீட்சையில் இடப்பக்க வரிசைப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே விடை எழுதியிருக்கிறார்கள், ஒரே தப்போடு. ஹெட்மாஸ்டர் இவரைக் கூப்பிட்டு, "சார், கண்டும் காணாம விட்டுடறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "முழு நேரமும் நின்னுக்கிட்டேதான் இருந்தேன், ஒருத்தனும் தலையத் திருப்பல" என்று இவர் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் யாரும் இவரை அப்படிக் கேட்டதில்லை. இரண்டு நாள் தட்டில் கைவைத்துவிட்டு அப்படியே எழுந்துபோனார்.

சரி, அப்படி வரைந்தால் பள்ளிக்கூடம் என்று தெரியாத மாதிரி வரை.

உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ சொன்ன மாதிரி தலையணையை எடுத்துவிட்டேன், கழுத்து கொஞ்சம் பரவாயில்லை. அங்கே எல்லோரும் நலம்தானே?

கண்காட்சி நன்றாக நடந்தது. ஒரே சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். பேப்பரில் தீப்பெட்டி அளவில் வருபவரை நான் வரைவது பெரிய தாளில். அந்த அளவில் பார்த்ததும் சனங்கள் மூக்கு தாளில் படுகிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்தார்கள். பரீட்சைப் படத்துக்கு எதிரில்தான் கூட்டம். பள்ளிக்கூடம் என்று தெரியவில்லை, பயப்படாதே. அதை ஒரு ஆபீஸாக மாற்றிவிட்டேன்.

கண் டாக்டரம்மா ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே நகர, அவர் மட்டும் சிரிக்காமல் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை போனார், மறுபடி முதல் படத்துக்கு வந்தார். சிரிப்புப் படம் போடுகிறவனுக்கு அதைவிட அவமானம் வேண்டாம். கடைசியில் என்னிடம் வந்து, "இவர் எதிர்ல இருக்கற எதையும் இடிக்கல. பக்கத்துல இருக்கறதைத்தான் இடிக்கறார். யாரையாவது பார்த்து வரையறீங்களா?" என்றார். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன், "முழுக்கக் கற்பனை மேடம்." "அப்ப உங்க கற்பனைக்குக் கண் டெஸ்ட் பண்ணணும்" என்றார். நான் சிரித்தேன், அவரும் கொஞ்சம் சிரித்தார். திங்கட்கிழமைப் பெட்டியில் மோதலார் கண் ஆஸ்பத்திரிக் கதவிலேயே இடித்துக்கொண்டதைப் பார்த்திருப்பாய். அது இப்படி வந்ததுதான்.

அத்தான் கண்ணாடி மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது? சும்மாதான் கேட்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் டாக்டரம்மாவிடம் சொல், உன் கற்பனை ஊசியில் நூல் கோர்க்கும் என்று. போன வாரம் எனக்கு முடியாமல் ஊசியை இவரிடம் நீட்டினேன். ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தார். அகராதியில் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தையும் படிக்கிறார். கண்ணாடி மாற்றி ஒரு வருஷம்தான் ஆகிறது. கண்ணில் கோளாறு இல்லை, கவனத்தில்தான். கேட்டால், "நான் எப்பவுமே இப்படித்தானே" என்று அவரே சொல்கிறார்.

இந்த மாதச் சரக்கு. பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இடப்பக்கம் ஒரு அம்மாள் தன் பையை வைத்திருந்திருக்கிறார். இவர் அந்தப் பை மேலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே முட்டை, இரண்டு டஜன். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். கால்சட்டையை மூன்று தண்ணீர் அலசியும் எனக்கு நாற்றம் போகவில்லை.

இருட்டின பிறகு ஸ்கூட்டரை எடுப்பதில்லை என்று இவராகவே முடிவு செய்திருக்கிறார். பெட்ரோல் விற்கிற விலையில் கட்டாது என்று காரணம் சொல்கிறார். நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

புத்தகம் எப்போது வருகிறது?

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் போட இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே. புத்தக வேலையில் கை ஓயவில்லை. போன வாரம் வெளிவந்துவிட்டது. உன் பெயரைப் போட முடியாததால், "பெயர் சொல்லக் கூடாத ஒருவருக்கு" என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் எனக்கு ஏதோ காதல் என்று பேசிக்கொள்கிறார்கள்.

முட்டைப் பைக்கு எடிட்டர் மூன்று தடவை துடைத்தார். நடுவில் உன் கடிதங்கள் குறைந்ததால் மே மாதம் முழுக்கப் பழைய சரக்கை வைத்து ஓட்டினேன். நல்லவேளை, கடைசியில் அத்தான் தண்ணீர்க்குடத்தை இடித்த கதையோடு உன் கடிதம் வந்தது. இன்னும் இருந்தால் உடனே எழுது.

அத்தான் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொண்டால் நல்லது என்று தோன்றுகிறது. கட்டாயம் இல்லை. அடுத்த விடுமுறையில்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வேறொன்றும் இல்லை. கழுத்து நன்றாக இருக்கிறது.

உன் தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

உன் அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். இடப்பக்கமிருந்து வேன் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறார். இவர் நின்று வலப்பக்கம் பார்த்துவிட்டு, வண்டி இல்லை என்று மறுபடி நடந்தாராம். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

கட்டுப் போட்ட டாக்டர் விரலைப் பக்கவாட்டில் ஆட்டி, "தெரியுதா?" என்று கேட்டார். "எது?" என்று இவர் கேட்டார். அங்கிருந்து கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. வலிக்காதாம். நேரே பார்ப்பது கடைசிவரைக்கும் தெளிவாக இருக்குமாம். அதனால்தான் ஊசியில் நூல் கோர்த்தார். முன்னாடியே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாமாம். போனது வராது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மிஞ்சியிருக்கிறது. இப்போது அதைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

"இது எப்பலருந்து இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "நான் எப்பவுமே இப்படித்தான் டாக்டர்" என்றார் இவர். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரிந்தால் ஆபரேஷனை முடிவு செய்ய உதவும் என்கிறார்கள். எனக்குத் தேதி ஒன்றுகூட நினைவில்லை. உன்னிடம் எல்லாப் படமும் தேதியோடு இருக்கும். எது நடந்தது, எது நீயாகப் போட்டது என்று பிரித்து, வரிசையாக அனுப்பு.

உன் கழுத்து எப்படி இருக்கிறது.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

படங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். நடந்தவை மட்டும்.

அவற்றைப் பிரிப்பதற்கு எனக்கு உன் கடிதங்கள்கூட வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். முதலில் அவர் இடிப்பதெல்லாம் பெட்டியின் ஓரத்துக் கோட்டோடு ஒட்டி இருக்கிறது. பூச்சாடி, கதவுப்பிடி, கொடிக்கம்பம். ஒரு வருஷம் கழித்து அலமாரி கொஞ்சம் உள்ளே வருகிறது. பிறகு முக்காலி. முட்டைப் பை கிட்டத்தட்ட அவர் மடியில் இருக்கிறது. நீ எழுதின அளவை நான் ஒரு நூல் பிசகாமல் வரைந்திருக்கிறேன். அந்த ஒழுங்கைப் பற்றி எனக்குப் பெருமை வேறு. ஒரு மனிதருக்குப் பார்வை மூடிக்கொண்டு வருவதை மாதா மாதம் வரைந்து சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

இதோடு முடியவில்லை அக்கா. கண்காட்சியில் அந்த டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் உனக்கு எழுதினேன். கற்பனை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. போகும்போது தன் விலாச அட்டையைக் கையில் கொடுத்து, "கற்பனையா இருந்தா இதத் தூக்கிப் போட்டுடுங்க. ஆளா இருந்தா இந்த மாசமே கூட்டிட்டு வாங்க. இப்ப வந்தா நிறுத்திடலாம், போனதத் திருப்ப முடியாது" என்றார். இந்த மாசமே என்றார். அது மார்ச்.

நான் உனக்குச் சொல்லியிருந்தால் அன்றோடு நீ சிரித்து எழுதுவது நின்றுபோயிருக்கும். புத்தகத்துக்குக் கடைசி இருபது படம் பாக்கி இருந்தது. உட்கார்ந்து யோசித்து மறைத்தேன் என்றால் என்னை அயோக்கியன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அதைக்கூடச் செய்யவில்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். கண்ணாடி மாற்றினாரா என்று கேட்டதும், கட்டாயம் இல்லை என்று எழுதினதும் அதுதான். அட்டை என் மேசையிலேயே கிடந்தது. நிப்பைத் துடைத்துத் துடைத்து, இப்போது அதில் ஒரு எண்கூடத் தெரியவில்லை.

மோதலாரை நிறுத்தச் சொல்லி எடிட்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அத்தானிடம் நீயே சொல்லிவிடு. நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தம்பி


செப்டம்பர் 1

தம்பிக்கு,

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. இருக்கிற வட்டம் நிற்கும் என்று சொல்கிறார்கள். கைக்கட்டையும் பிரித்துவிட்டார்கள். வேலைக்கு இனிப் போகமுடியாது.

உன் படங்களை டாக்டர் மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் குறிச்சு வச்சதில்ல" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே பேப்பரை நிறுத்திவிட்டேன். உனக்கு இனி ஒரு வரி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மார்ச்சில் சொல்லியிருந்தால், ஏப்ரலில் சொல்லியிருந்தால் என்று எனக்குள்ளேயே உன்னை நிற்கவைத்து நாள் முழுக்கத் திட்டினேன். எதிரில் வந்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். என் தம்பி இப்படிச் செய்வான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆறு வாரம் திட்டின பிறகு திட்ட மூச்சு இல்லை. அதனால் என் பங்கை எழுதுகிறேன்.

முக்காலி அங்கே இருப்பது எனக்குத் தெரியும். முன்னறையைப் பெருக்கும்போது நான்தான் அதை வழியில் இழுத்துப் போட்டேன். திருப்பி வைக்கப் போனேன். அப்போது இவர் வருகிற காலடிச் சத்தம் கேட்டது. என் கை முக்காலி மேல் இருந்தது தம்பி. எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு, நான்கு அடி இருக்குமா, ஐந்து அடி இருக்குமா என்று கண்ணால் அளந்துகொண்டு நின்றேன். "பாத்து வாங்க" என்று சொல்ல ஒரு நொடி போதும். நீ அளவு கேட்டிருந்தாய்.

அது ஒரு தடவை இல்லை. பஸ் நிறுத்தத்திலும் நான் கூட இருந்தேன். தெரு கூடினதாம், சத்தம் போட்டாராம் என்று யாரோ சொன்ன மாதிரி உனக்கு எழுதினேன். நான் அந்தப் பையைப் பார்த்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் "பாத்து வாங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்தவள் நான். உன் பெட்டி வந்த பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

இதை அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னுடையதையும் சேர்த்துச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தண்ணி எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தானின் ஆசிகள். எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதே. அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் வெட்டிக் காகிதத்தின் மேல் வைத்து எழுதுகிறேன். நானே கண்டுபிடித்தது. கழுத்து எப்படி இருக்கிறது? இரண்டு பக்கமும் திரும்புகிறதா?

மோதலார் நான்தான் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு சாக்பீஸ் துண்டும் வைத்துக்கொண்டு நடக்கிறவன் ஊரில் எத்தனை பேர்? மூக்கை மாற்றினால் ஆள் மாறிவிடுமா? ஆசிரியர்கள் அறையில் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உன் அக்கா பேப்பரைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிச் சிரிப்பாள். எனக்கு அது கேட்கும். எங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் காலையில் அந்தச் சத்தம் இருந்தது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஓரங்கள் மங்குவது எனக்குத் தெரிந்தது. எப்பவுமே இப்படித்தான் என்று டாக்டரிடம் சொன்னேன், அது பொய். ஆனால் அதை வியாதி என்று நினைக்கவில்லை, மோதலார் என்று நினைத்தேன். நீங்கள் அதற்குப் பேர் வைத்து, சட்டை போட்டு, ஊரெல்லாம் சிரித்த பிறகு, இது என் குணம் என்று எடுத்துக்கொண்டேன். குணத்துக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

இன்னொன்று. மே மாதம் உன் பெட்டி பழைய சரக்காக வந்தது. பையனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறதே என்று ஒரு நாள் தண்ணீர்க்குடத்தை வேண்டுமென்றே இடித்தேன். உன் அக்கா உடனே பேனாவைத் தேடினாள். அந்தப் படத்தை மட்டும் டாக்டரின் கணக்கிலிருந்து எடுத்துவிடு.

உன் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். காலையில் எழுந்ததும் இருக்கிறது. பல் தேய்க்கப் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டே போகிறேன், அப்போது நன்றாகவே இருக்கிறது. சில நாள் மத்தியானத்துக்குள் போய்விடும். சில நாள் போவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அக்காவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் வந்தால் ஒரு கண் தெரிகிறது, இல்லாவிட்டால் வாய். எட்டிப் போய் நின்றால் ஆள் முழுக்கத் தெரிகிறாள், ஆனால் முகம் பிடிபடமாட்டேன் என்கிறது. தீப்பெட்டி அளவுப் படம் என்றால், கையை நீட்டிப் பிடித்தால் எனக்கு முழுதாக அடங்குகிறது. அவளை அந்த அளவில் வரைந்து அனுப்பு. தமாஷ் வேண்டாம். இருக்கிற மாதிரி இருந்தால் போதும்.

உறை மேல் விலாசம் அவள்தான் எழுதுகிறாள். படம் கேட்டது அவளுக்குத் தெரியாது.

உன் அத்தான்


அக்டோபர் 5

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். கழுத்து திரும்புகிறது. அதை விசாரிக்காதீர்கள், கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மோதலாரை நிறுத்தச் சொன்னேன். பேர் பத்திரிகைக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டேன், வேறொருவர் வரைகிறார். அவருடைய மோதலார் நேர் எதிரில் இருக்கும் கம்பத்தில் இடிக்கிறார், இடிப்பதற்கு முன்னாலேயே முகத்தைச் சுளிக்கிறார். வாசகர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்றைக்கும் வந்திருந்தார். நீங்கள் பேப்பரை நிறுத்தினது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் கேட்ட படம் வரவில்லை. பத்து நாளாக உட்காருகிறேன். அக்காவின் கண்ணை வரைந்தால் அதில் குறும்பு வந்துவிடுகிறது, வாயை வரைந்தால் சிரிப்பை அடக்குகிற மாதிரி கோணுகிறது. கை தமாஷுக்குப் பழகிவிட்டது, வேறு எதற்கும் வளையவில்லை என்று முதலில் நினைத்தேன். அதுகூட இல்லை அத்தான். அக்காவை நான் நேரில் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. கடிதம் வந்துகொண்டே இருந்ததால் பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி நினைத்துவிட்டேன். அவளுக்கு நரைத்திருக்கிறதா, எந்தப் பக்கம் அதிகம், ஆஸ்பத்திரியில் அலைந்ததில் கன்னம் ஒட்டியிருக்கிறதா, எனக்குத் தெரியாது. எழுதிக் கேட்டால் அக்கா அளவோடு பதில் எழுதுவாள். இனி அப்படிக் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். காகிதம், பென்சில் எதுவும் எடுத்து வரவில்லை. வேண்டியிருந்தால் உங்கள் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். அக்கா கதவைத் திறந்து என்னை அறைந்தால் அறையட்டும், ஆறு வாரம் பாக்கி இருக்கிறது.

நீங்கள் வாசலுக்கு வரவேண்டாம். நாற்காலியிலேயே உட்கார்ந்திருங்கள். நான் உங்களுக்கு நேர் எதிரில் வந்து நிற்கிறேன். சொல்லவேண்டியதை, என் முகம் உங்களுக்கு முழுதாகத் தெரிகிற தூரத்தில் நின்றுதான் சொல்லவேண்டும். எவ்வளவு தள்ளி நிற்பது என்று நீங்கள் சொல்லுங்கள்.

மார்ச் மாதமே வந்திருக்கவேண்டிய,
உங்கள் மைத்துனன்